கன்னியப்பன் பேரை நான் கூப்பிட்ட ஏழு வருஷம்

ஏரிக்கரையில நின்னு பேர் கூப்பிடறதெல்லாம் ஒரு தொழிலான்னு கேக்காதீங்க. தொண்டை கிழியறதும் எனக்கு, திட்டு விழறதும் எனக்கு.

பழவேற்காட்டு ஏரியில எவன், எந்த நாள், எந்த இடத்துல வலை கட்டணும்னு முறை இருக்கு. அதுக்குப் பேரு பாடு. முறை வந்தவன் பேரை விடியக்காலையில நான் மூணு தரம் கூப்பிடணும். "வந்தேன்"னு குரல் வந்தா இடம் அவனுக்கு, வரலைன்னா அடுத்தவனுக்கு. கல்யாணமான ஆம்பளைக்குத்தான் பேரு. ரெண்டு கட்சிக்கு நடுவுல மாட்டிக்கினு முழிச்சவங்க யாராச்சும் இருந்தா கிட்ட வந்து உக்காருங்க, உங்களுக்குத்தான் சொல்றேன்.

பொம்பளைக் குரல்

எங்க குப்பத்துல வேம்புலி நைனா ஒரு கட்சி. வழிவழியா வந்த கட்டுப்பாட்டுல ஒரு முடிச்சைக்கூட அவுக்கக் கூடாதும்பாரு. எல்லப்பன் இன்னொரு கட்சி. ஒல்லாந்தர் கப்பல்லேர்ந்து சரக்கு இறக்கற படகுல வேலை பாக்கறவன். நாலு துறைமுகத்துக் கதை கேட்டவன், காலத்துக்கு ஏத்தாப்புல மாறணும்பான். ரெண்டு பேரும் நல்லவங்க. அதான் என் கஷ்டமே. கெட்டவனா இருந்தா ஒருத்தனைத் திட்டிட்டுப் போயிடலாம்.

ஒரு நாள் எல்லப்பன் பேரைக் கூப்பிட்டேன். அவன் கப்பலுக்குப் போனவன் இன்னும் கரையேறல. அவன் பொண்டாட்டி முன்னால வந்து "வந்தேன்"னா. நான் முழிக்கிறேன். வேம்புலி நைனா துடுப்பை மண்ணுல குத்திட்டு அடுத்த பேரைக் கூப்பிடச் சொன்னாரு. கூப்பிட்டேன். அன்னிக்குச் சாயங்காலம் எல்லப்பன் வந்து என் சட்டியை ஒடைச்சதுதான் மிச்சம். நைனா கிட்டப் போய் அழுதேன்.

"பொம்பளைக் குரலுக்குப் பாடு குடுத்தா நாளைக்கு நண்டுகூட என்னை மதிக்காதுடா" ன்னாரு.

முகத்துவாரத்துல

அந்த வருஷம் வாடைக்காத்துல கன்னியப்பன் படகு முகத்துவாரத்துல கவுந்துச்சு. கூடப் போனவன் நீந்தித் தப்பிச்சான். கன்னியப்பன் முழுகினதைக் கண்ணால பார்த்தேன்னு அவனே வந்து சொன்னான். உடம்பு மட்டும் கெடைக்கல. கன்னியப்பன் என் வயசுக்காரன்.

அவன் பொண்டாட்டி அஞ்சலைக்கு ரெண்டும் பொண்ணு. மூத்தவளுக்குப் பதினொண்ணு. கருமாதி முடிஞ்சதும் செத்தவன் பேரைப் பாடு வரிசையிலேர்ந்து எடுத்துடறது வழக்கம். எடுத்தா அந்த ஊட்டுக்கு மீனு இல்ல, மீனு இல்லன்னா அரிசி இல்ல. வயித்துக்கு இல்லாதவங்க தங்களையே வித்துக்கினு கப்பலேறிப் போன காலம் அது. போனவங்க யாரும் திரும்பினதில்ல. அஞ்சலை என்னைத் தேடி வந்தா.

"பேர் கூப்பிடறது நீதானேண்ணா? அவரு பேரை எடுக்கற அன்னிக்கே எங்க மூணு பேரையும் நீயே கப்பல்ல ஏத்தி வுட்டுடு" ன்னா.

ரெண்டு கோர்வை மீன்

ஊரு ரெண்டாப் பொளந்துச்சு. அவளுக்கே பாடு குடுன்னு எல்லப்பன். வழக்கத்தை மாத்தினா ஊரே இல்லன்னு வேம்புலி நைனா. ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்கல.

ஒரு விடியக்காலையில கரைக்குப் போறேன், அஞ்சலை வாசல்ல யாரோ குனிஞ்சு நிக்கிறாங்க. வேம்புலி நைனா! ஒரு கோர்வை மடவை மீனைக் கதவுல மாட்டறாரு. என்னைப் பார்த்ததும் திருடன் மாதிரி பதுங்கினாரு. மறுநாள் அதே நேரம், அதே கதவு, எல்லப்பன். அவன் கையில எறா. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, கூடவே கண்ணும் கலங்கிடுச்சு.

"நைனா ஆளுங்ககிட்ட மூச்சு வுடாத மாமா. பிச்சை வாணாம், பாடுதான் வேணும்னு கத்திட்டு, நானே பிச்சை போடறேன்னு தெரிஞ்சா மானம் போவும்" ன்னான்.

என் யோசனை

இதுக்கப்புறம் எனக்குத் தைரியம் வந்துச்சு. ரெண்டு பேரு மனசுலயும் இருக்கறது ஒண்ணுதானே. ஊர்க்கூட்டத்துல எழுந்து சொன்னேன்: "உடம்புதான் கெடைக்கலையே. கன்னியப்பன் பேரு அப்படியே இருக்கட்டும். மூத்தவளுக்குக் கல்யாணமாகி மருமவன் வந்ததும் அவன் பேருக்கு மாத்திக்கலாம். வழக்கமும் மாறல, சோறும் நிக்கல."

பேரு இருந்தா ஆளு இருக்கான், அதனால கருமாதி கூடாது, தாலி எறக்கக் கூடாது, ஒப்பாரி கூடாதுன்னாரு நைனா. அப்ப அஞ்சலைதான் கரைக்கு வந்து பதில் சொல்லணும்னான் எல்லப்பன். சொல்லட்டும், ஆனா "வந்தேன்"னு சொல்லக் கூடாது, "அவரு வந்துட்டாரு"ன்னு சொல்லணும்னாரு நைனா. வலையை எல்லப்பன் ஆளுங்க இழுக்கறதுன்னு முடிவாச்சு. ரெண்டு பேரும் ஒரே தட்டுல வெத்தல எடுத்தாங்க. அஞ்சலை கூட்டத்துக்குப் பின்னால நின்னா. அவளை யாரும் கேக்கல. எனக்கு அன்னிக்குக் கால் தரையில பாவல.

"கில்லாடி மாமா நீ! யாரும் தோக்காம முடிச்சு வெச்சுட்டியே" ன்னான் எல்லப்பன்.

மருமவன் பேரு

ஏழு வருஷம் கூப்பிட்டேன். மூணு தரம் கூப்பிட வேண்டியதே இல்ல, மொதத் தரத்துக்கே "அவரு வந்துட்டாரு"ம்பா. நெத்தியில பொட்டு, கழுத்துல தாலி, கண்ணுல ஒண்ணும் இருக்காது. பொண்ணுங்க வளர்ந்தாங்க. நல்ல காரியம் பண்ணோம்னு நான் நெஞ்சை நிமித்திக்கினு திரிஞ்சேன்.

மூத்தவ கல்யாணம் முடிஞ்சு முப்பதாம் நாள் பாடு வந்துச்சு. மருமவன் முனுசாமி பேரைக் கூப்பிட்டேன். "வந்தேன்"னு அவன் சொன்னதுதான் தாமசம், அஞ்சலை மண்ணுல உழுந்து மாரடிச்சுக்கினு அழுதா. "ஐயோ என் ராசா"ன்னு அவ கத்தினதுல கரையே நின்னுடுச்சு. வெளியூரு வியாபாரி ஒருத்தன் யாரு செத்ததுன்னு கேட்டான். எல்லப்பன் தலையைக் குனிஞ்சுக்கினான். வேம்புலி நைனா கெழவராயிட்டாரு, கோலூனி வந்து, "இத்தினி வருஷம் கழிச்சு இன்னா அழுவைம்மா?"ன்னாரு. நானும் கூட நின்னு, எழுந்திரும்மான்னேன்.

அஞ்சலை என்னைத்தான் பார்த்தா. "சோறு போட்டீங்க, இல்லன்னு சொல்லல. ஆனா எம்புருஷன் செத்துட்டாருன்னு இன்னிக்குத்தானேண்ணா ஒத்துக்கினீங்க? இன்னிக்காவது என்னை அழ வுடுங்க" ன்னா.

ரெண்டு கட்சியையும் சேர்த்து வெச்ச புத்திசாலின்னு இன்னிக்கும் குப்பத்துல எனக்கு நல்ல பேரு, அஞ்சலையை ஒரு வார்த்தை கேக்காமயே வாங்கின பேரு.