சட்டையில் கொட்டிய காபி

சித்தியைப் பெண் பார்க்க வந்த அன்று அவளுக்குக் கண்ணாக இருந்தவள் நான். எனக்கு எட்டு வயது. தாராவியில் எங்கள் வீடு ஒரே அறை. வந்தவர்கள் உட்கார்ந்தால் பெண்ணுக்கு இடமிருக்காது. அதனால் சித்தியைப் பக்கத்து வீட்டில் அலங்கரித்து வைத்திருந்தார்கள். கூப்பிட்டதும் வந்து, கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். தலை நிமிரக் கூடாது.

“கால் வெரலத்தான் நான் பாக்க முடியும். நீ நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லுட்டி. ஒன்னத்தான் நம்பியிருக்கேன்” என்றாள் சித்தி, என் ரிப்பனை இறுக்கிக் கட்டியபடி.

மாப்பிள்ளைக்கு அம்பர்நாத்தில் தொழிற்சாலை வேலை. குட்டையான மனிதர். முகமெல்லாம் பரு வந்து போன குழிகள். டிவியில் வருகிறவரைப் போல ஒருவரை எதிர்பார்த்திருந்த எனக்கு அழுகையே வந்தது.

சித்தி வந்து போனாள். மின்சாரம் நின்று புழுங்கியதால் பெரியவர்கள் பேச்சைச் சந்துக்கு மாற்றிக்கொண்டார்கள். மாப்பிள்ளை மட்டும் உள்ளே இருந்தார். அடுப்பருகே இருந்த அம்மா என்னிடம் காபியைக் கொடுத்து, “சிந்தாமக் கொண்டு குடு” என்றாள். அந்தக் குழிகளையே பார்த்துக்கொண்டு நடந்தவள் பாய் ஓரத்தில் தடுக்கினேன். கொதிக்கிற காபி அவருடைய வெள்ளைச் சட்டையில் கொட்டியது.

தம்ளர் உருண்ட சத்தத்தில் அம்மா திரும்பினாள். அவள் கை ஓங்குமுன் அவர் எழுந்துவிட்டார்.

“எங் கைதான் தட்டிட்டுக்கா. பிள்ளைய ஏசாதிய.”

பிறகு குனிந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “கால்ல பட்டுச்சா?”

அவர்கள் போனதும் அம்மா ஆரம்பித்தாள். “ஒரு தம்ளர ஒழுங்காப் பிடிக்கத் தெரியல. இவருக்கா நம்ம பிள்ளையக் குடுக்க?”

“அவளக் கேப்போம். அவ சரின்னா சரி” என்றார் அப்பா.

நான் அதற்குள் பக்கத்து வீட்டுக்கு ஓடியிருந்தேன். “நல்லாவே இல்ல சித்தி! மொகமெல்லாம் குழி. கரடி மாரி இருக்காரு.”

சித்தி சிரித்தாள். “மொகம் கெடக்கட்டும். ஒங்கிட்ட ஏதும் பேசுனாரா?”

“இல்ல.”

காபி கொட்டிய கதை அவள் காதுக்கும் போனது. சாயங்காலம் என் சடையை அவிழ்க்கும்போது, “அது எப்படிட்டி கொட்டிச்சு?” என்றாள்.

“அவருதான் கொட்டுனாரு.”

படுக்கப் போகும்போது மறுபடியும், “வேற ஒண்ணும் பாக்கலியா?” என்றாள். பார்க்கவில்லை என்றேன். உண்மையைச் சொன்னால் அம்மாவிடம் அடி விழும். மறுநாள் சித்தி அப்பாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த வருடம் சான்பாடாவிலிருந்து சித்தப்பா பெண் பார்க்க வந்தார். நல்ல உயரம், சிவந்த நிறம். கல்யாணத்தில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் பெருமையாகத் திரிந்தேன்.

போன மாதம் என் மகளைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் கை பட்டு மோர் சோபாவில் கவிழ்ந்தது. சித்தப்பா சித்தியைப் பார்த்தார், அவ்வளவுதான். அதற்குள் அவள் தரையில் உட்கார்ந்து முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நாந்தாங்க ஓரத்துல வச்சிட்டேன். பிள்ளை ஒண்ணும் செய்யல.”

அந்தப் பேச்சை, காபிக் கறைச் சட்டையோடு நின்றவரிடம் நான் முன்பே கேட்டிருந்தேன்.

திரும்பும்போது ரயிலில் என் மகள், “அந்தத் தாத்தா ஏக்தம் சினிமா ஹீரோ மாதிரி, இல்லம்மா?” என்றாள். செம்பூர் வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். சித்தியிடம் இப்போதாவது உண்மையைச் சொல்லலாமா என்று தினம் நினைக்கிறேன். சொன்னால் மனம் லேசாகப் போவது எனக்குத்தான், அவளுக்கில்லை என்று விட்டுவிடுகிறேன்.

அன்று அவள் மூன்று முறை கேட்டது என்னை அம்மாவிடம் மாட்டிவிடத்தான் என்று பயந்திருந்தேன். கால் விரல்களை மட்டுமே பார்த்திருந்த ஒருவருக்குச் சரி என்று சொல்ல, அவள் ஒரே ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். அது என்னிடம் இருந்தது.