மைக்கேல் அண்ணன் பக்கத்து இருக்கை

எங்கள் கம்பெனி பஸ்ஸின் வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி வந்தது. "மைக்கேல் அண்ணன் காலைல தவறிட்டாரு. நெஞ்சு வலி." நான் எதையும் சுலபத்தில் நம்புகிறவன் அல்ல. உயிரோடு இருக்கிற ஒருவரின் படத்துக்கே இந்தக் குழுவில் ஒருமுறை மாலை போட்டார்கள். அதனால் இரண்டு பேரைக் கூப்பிட்டு உறுதி செய்துகொண்டேன். அதற்குள் கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. இவர்களில் யார் அவருடைய கடைசி வேலை நாட்களில் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. நானும் இல்லை.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். மறைமலைநகரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் எங்கள் தொழிற்சாலையில், டைம் ஆபீஸில் வருகைப் பதிவு பார்த்தவர். மாமல்லபுரத்துக்காரர். பஸ் அங்கிருந்து கிளம்புவதால் முதலில் ஏறுவார். பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பையை வைத்து, செங்கல்பட்டில் ஏறுகிற யாருக்காவது இடம் போட்டு வைப்பார். பல நாள் அந்த இடம் எனக்குத்தான்.

ஊரடங்கு வந்தபோது என் மனைவியும் மகளும் விருதுநகரில் மாட்டிக்கொண்டார்கள். நான் செங்கல்பட்டு வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். முதல் வாரத்திலேயே அண்ணனிடமிருந்து போன்.

"இன்னாபா, நாஸ்தா ஆச்சா? தூக்கம் வர்தா?"

"நல்லாத்தான் இருக்கேண்ணே."

மறுநாளும் அதே நேரம், அதே கேள்வி. டைம் ஆபீஸ்காரர் எதற்காக என் தூக்கத்தை விசாரிக்க வேண்டும்? பஸ்ஸில் வருகிற எல்லோரையும், ஏறும் நிறுத்தத்தின் வரிசைப்படி தினமும் கூப்பிடுகிறார் என்று தெரிந்தது. எனக்குப் பொறி தட்டியது. ஆள் குறைக்கப் போகிறார்கள். யாருக்கு மனசு சரியில்லை என்று இவரை விட்டுத் துருவுகிறார்கள். அவர் இல்லாத இன்னொரு குழுவில் எழுதினேன்: "மைக்கேல் கம்பெனி ஆளு. போன்ல எதையும் சொல்லாதீங்க." பலர் அவருடைய அழைப்பை எடுப்பதை நிறுத்தினார்கள்.

உண்மையில் நான் தூங்கி நாளாகியிருந்தது. பக்கத்து வீட்டு இருமலைக் கேட்டு ஜன்னலைச் சாத்தினேன். பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவியும் சந்தேகம் தீராமல் கொட்டினேன். பிறகு கழுவுவதும் சமைப்பதும் குளிப்பதும் நின்றுபோயின. இருந்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு வந்தது. போனை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கதவு தட்டப்பட்டது. முகக்கவசமும் ஸ்கூட்டருமாக மைக்கேல் அண்ணன்.

"பேசாட்டி பரவால்ல. கதவத் தொறந்து மூஞ்சக் காட்டுபா."

"கம்பெனியில அனுப்புனாங்களா?" என்னிடமிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

"கம்பெனியாவது கிம்பெனியாவது. வழியெல்லாம் போலீஸ் நிறுத்தி, யாரப் பாக்கப் போறன்னு கேட்டான். தம்பின்னு சொல்லிகினு வந்தேன். ஏறு வண்டில."

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார். பெயர் பதியும் இடத்தில் நான் தயங்கி நின்றேன். "ஜுரம்னா சீட்டு வாங்குவ இல்ல? தூக்கம் போனாலும் அதான். இதுல இன்னா வெக்கம் கீது?" என்றார். எனக்கு வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகம். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அங்கேயே சத்தியம் கேட்டேன். "சொல்ல மாட்டேன்பா" என்றார். மாத்திரையும், டாக்டரோடு வாரா வாரம் பேசியதும் கைகொடுத்தன. மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது. அவர் வராமல் இருந்திருந்தால் நான் இன்று இல்லை.

தொழிற்சாலை திறந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் சிலரைத் திரும்பக் கூப்பிடவில்லை. நான் எழுதிய வரி உண்மையாகிவிட்டதுபோல் எல்லோரும் தலையாட்டினார்கள். பஸ்ஸில் ஒரு இருக்கை விட்டு ஒரு இருக்கையில் பெருக்கல் குறி ஒட்டியிருந்தவரை வித்தியாசம் தெரியவில்லை. குறிகளைக் கிழித்த பிறகு எல்லோரும் பழையபடி ஒட்டி உட்கார்ந்தார்கள். அண்ணன் பக்கத்து இருக்கை மட்டும் காலியாக இருந்தது. செங்கல்பட்டு வந்ததும் அவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். நாங்கள் தாண்டிப் போவோம். நான் உட்கார்ந்தால், "உனக்கு மட்டும் எப்படி நம்பிக்கை வந்தது?" என்று கேட்பார்கள். ஆஸ்பத்திரியைச் சொல்ல வேண்டிவரும்.

ஒருநாள் வெல்டிங் பிரிவு வேலு நேராகவே கேட்டுவிட்டான். "இன்னா அண்ணாத்த, எல்லாருக்கும் போன் போட்டு லிஸ்ட் எட்த்துக் குட்த்தியாமே?"

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார்; அந்த வரியை எழுதியது நான்தான் என்று அவருக்குத் தெரியும் என்பது அந்தப் பார்வையிலேயே புரிந்தது. என்னைக் கைகாட்டி, "இவனக் கேளு" என்றிருந்தால் போதும், ஆஸ்பத்திரி விஷயம் வெளியே வந்திருக்கும்; எனக்குக் கொடுத்த வாக்கை அவர் மீறவில்லை. "போன் போட்டேன். லிஸ்ட் எதுவும் குடுக்கல. நம்புனா நம்பு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஓய்வுபெறும் வரை அப்படியே வந்து போனார்.

சந்தேகப்படும் புத்தி எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் யாராவது "நல்லா இருக்கேன்" என்று சொன்னால் அதை நம்பாமல், மறுநாளும் கூப்பிட்டுக் கேட்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

அடக்கம் முடிந்ததும் அவர் மனைவி ரோஸி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பஸ்ல யாரோ அவரப் பத்தித் தப்பா சொல்லிட்டாங்களாம்பா. யாருன்னு எத்தினியோ வாட்டி கேட்டேன், வாயத் தொறக்கல. உனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா" என்றேன்.

தெரியும் அக்கா. நான்தான்.