திரும்பிய சீர்வண்டி

“நீ படிச்ச புள்ளதான், இல்லங்கல. பேச்சும் நல்லாத்தான் இருக்கு. ஆனா முகூர்த்தத்துக்கு மொத நாளு கட்டிலு எங்க வாசல்ல வந்து நிக்குமா? அதச் சொல்லு தாயி.”

மகளைக் கட்டிக்கொடுக்கப் போகிற சம்சாரி இப்படிக் கேட்டார். களத்தில் அவருடைய நெல் காய்ந்துகொண்டிருந்தது. நானும் அம்மாவும் வேலியோரம் நின்றிருந்தோம்.

“நிக்குங்க” என்றேன்.

“ஆசாரி வந்து சொல்லட்டுமே.”

“அப்பா செய்வாங்க. பேசுறது, கொண்டாந்து சேக்குறது நானு.”

அவர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். “ஒம் மக கட்டிலு விக்க வந்தாளா, சண்டைக்கு வந்தாளா?”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் குனியவில்லை. எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தேன். டீச்சர் டிரெயினிங்குக்கு மனுப் போட்டு இடம் கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். நயா பைசா வந்த புதிது. போன வருடம்தான் அப்பா செய்கிற கட்டில்கள் எங்கே போகின்றன என்று கவனிக்க ஆரம்பித்தேன். புதுக்கோட்டைக் கடைவீதியில் ஒரு கடைக்காரர் மொத்தமாக எடுத்துக்கொள்வார். ஒரு கை வார்னிஷ் அடித்து நிறுத்துவார். மறுநாள் யாராவது ஒரு பெண்ணின் தகப்பன் இரண்டு மடங்கு கொடுத்துவிட்டுப் போவான். அப்பாவுக்கு இது தெரியும். “அவரு இல்லாட்டி நம்ம கட்டில எவன் பாப்பான்?” என்பார். கல்யாண வீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள் என்று நான் சொன்னேன். நானே போய்ப் பேசி இரண்டு கட்டில்களை விற்றும் காட்டினேன். அதற்குப் பிறகுதான் கடைக்காரரிடம் முன்பணம் வாங்காமல் மரம் வாங்க முடிந்தது.

மூன்றாவது இது. அந்தச் சம்சாரியின் பங்காளிகள் வீட்டில் தையில் இன்னும் கல்யாணங்கள் இருந்தன. இந்தக் கட்டில் சொன்ன நாளில் போய் நின்றால் அவர்களும் எங்களிடம்தான் வருவார்கள். கடைக்காரரின் வாசலை அப்பா மறுபடி மிதிக்க வேண்டியிருக்காது. இதற்காகத்தான் அந்தக் களத்தில் நிமிர்ந்து நின்றேன்.

அப்பாவின் கட்டில் அழகுக் கட்டில் இல்லை. முழு வேம்பு. கால் ஒவ்வொன்றும் உரலைப் போல இருக்கும். ஆணி கிடையாது, திருகு கிடையாது. துளையில் இறக்கி ஆப்பு அடித்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. கழற்றிப் பூட்டுகிற கட்டிலை அவர் கட்டில் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். தூக்க நாலு ஆள் வேண்டும். அப்பா வேலை செய்வது தரையில் உட்கார்ந்துதான். மரத்தை இரண்டு பாதங்களாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உளியை வைப்பார். மரத்தைத் திருப்புவது வலது காலின் பெருவிரல். மேசையோ பிடிகருவியோ எங்கள் பட்டறையில் இருந்ததில்லை. அந்தக் கால்கள்தான் இருந்தன.

அவருக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. விற்கிற கட்டிலில் அவர் உட்கார மாட்டார், எங்களையும் உட்கார விட மாட்டார். வாங்குகிறவர் வீட்டு ஆள்தான் முதலில் படுக்க வேண்டும். வண்டியில் ஏற்றும்போது கால்கள் மேலே பார்க்கக் கவிழ்த்துத்தான் ஏற்றுவார். நிமிர்த்தி ஏற்றினால் பாடை. இன்னொன்று, கல்யாணச் சீர் ஏற்றிய வண்டி புறப்பட்ட பிறகு திரும்பக் கூடாது. படித்தவள் என்ற முறையில் இவற்றை நான் நம்பவில்லை. வியாபாரம் என்ற முறையில் எதையும் மீறவுமில்லை.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் விடியற்காலையில் தேங்காய் உடைத்துப் புறப்பட்டோம். எங்கள் ஊர் திருவரங்குளத்திலிருந்து கிழக்கே போக வேண்டும். வாடகை வண்டி. வண்டிக்காரர் அப்பாவின் பழைய சிநேகிதர். கட்டில் வண்டியை முழுக்க அடைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா பின்னால் ஒரு கையைக் கட்டிலின் காலில் வைத்தபடியே நடந்தார். நான் ஓரமாக நடந்தேன்.

“பொண்ணு வீட்டுல பலகாரம் குடுப்பாங்கல்ல?” என்று வண்டிக்காரர் கேட்டார்.

“மாட்டுக்கு முன்னால ஒனக்குத்தான் வைப்பாங்க” என்றார் அப்பா. வெகுநாளுக்குப் பிறகு அவர் கேலி பேசிக் கேட்டேன்.

முந்திரிக்காட்டைத் தாண்டி, மழைக்கால ஓடையான ஒரு வாரி குறுக்கிடும். மழைத் தண்ணீர் செம்மண்ணை அரித்து, மேட்டில் ஏறும் இடத்தில் பாறை தெரிந்தது. வண்டி ஏறும்போது ஒரு சக்கரம் பாறையிலிருந்து நழுவிப் பள்ளத்தில் விழுந்தது. பின்கயிறு அறுந்தது. கட்டில் பின்பக்கமாகச் சரிய ஆரம்பித்தது.

எவரும் விலகி ஓடியிருப்பார்கள். அப்பா முன்னால் வந்து இரண்டு கையாலும் தாங்கினார். கட்டில் கீழே விழுந்து அடிபடக் கூடாது என்பது ஒன்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும். அது அவரைத் தள்ளிக்கொண்டு வந்து பாறையோடு சேர்த்து நசுக்கியது. நானும் வண்டிக்காரரும் முட்டுக் கொடுத்து, ஒற்றைக் கயிற்றை மாட்டின் கழுத்துக்கட்டையில் போட்டு இழுத்து, பாதி சரிந்து நின்ற கட்டிலை மறுபடி வண்டிமேல் ஏற்றினோம். மாடுகளை விரட்டிச் சக்கரத்தையும் பள்ளத்திலிருந்து மேலே கொண்டுவந்தோம். எப்படி முடிந்தது என்று தெரியவில்லை. கட்டிலில் ஒரு கீறல் இல்லை. அப்பாவின் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது.

என் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினேன். கட்டியது உடனே நனைந்தது. அந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் இல்லை. கட்டிலை இறக்கி வைத்துவிட்டு அப்பாவை வண்டியில் போடலாம் என்றால், தள்ளினால் வண்டியே குடைசாயும், தூக்கி இறக்க நாலு பேர் வேண்டும். நாங்கள் இரண்டு பேர். கவிழ்ந்து கிடந்த கட்டிலின் நாலு கால்களுக்கு நடுவில்தான் அவரைப் படுக்க வைக்க முடியும்.

“வேணாம்” என்றார் அப்பா. முகம் சாம்பலாகியிருந்தது. “நான் இங்ஙனயே கெடக்கேன். நீங்க போயி எறக்கிட்டு வாங்க.”

“ரத்தம் நிக்கலப்பா.”

“அது கல்யாணக் கட்டிலு. நான் படுக்கக் கூடாது.”

“இது அடிப்பக்கந்தானே. மேல்பக்கத்துலயா படுக்கச் சொல்றேன்?”

“கட்டிலுக்கு அடியென்ன, மேலென்ன?”

வண்டிக்காரரிடம் கண்ணைக் காட்டினேன். தூக்கிப் போட்டோம். அப்பா வண்டிக்காரரின் தோளைக் கடித்தார். வலியால் கடித்தாரா, கோபத்தாலா என்று எனக்குத் தெரியாது.

பெரியாஸ்பத்திரி எங்களுக்குப் பின்னால், புதுக்கோட்டையில். கல்யாண வீடு முன்னால். ஏறக்குறைய சரிபாதி தூரத்தில் நின்றோம்.

“முன்னால ஓட்டு” என்றார் அப்பா. “எறக்கிட்டு, அங்கேருந்து ஆஸ்பத்திரி போவம்.”

“அண்ணே, திருப்புங்க” என்றேன் நான்.

வண்டிக்காரர் இருவரையும் பார்த்தார். “சீர் வண்டி தாயி. நான் திருப்புனேன்னா நாளப்பின்ன எவனும் என் வண்டியில சீர் ஏத்த மாட்டான்.” அது பொய்யில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருந்தன.

“அப்ப நீங்க திருப்ப வேணாம். கீழ எறங்குங்க.”

நானே மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மாடுகளைத் திருப்பினேன். அதுவரை நான் மாடு பிடித்ததில்லை. அவை மிரண்டு தலையை ஆட்டின. பிறகு திரும்பின. கட்டிலுக்குள்ளிருந்து அப்பா என்னைத் திட்டினார். நான் பிறந்ததிலிருந்து அவர் வாயில் வராத சொற்கள். “ஏந் தொழில சாவடிச்சிட்டியே” என்றார். கொஞ்ச தூரத்தில் அந்தச் சத்தமும் நின்றது. வண்டிக்காரர் ஓடிவந்து ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிர் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். காலை எடுக்கவில்லை. ஆனால் முழங்கால் இனி மடங்காது, பாதத்துக்கு உணர்ச்சி வராது என்றார். “நல்ல வேளை” என்றாள் நர்ஸ். அப்பாவின் கால் என்ன செய்கிற கால் என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் முதல் பஸ்ஸில் கல்யாண வீட்டுக்குப் போனேன். ஆளனுப்பியிருக்கலாம். வார்த்தை கொடுத்தவள் நான். பந்தலில் மேளம் வந்து இறங்கியிருந்தது. வாசலில் ஓர் இரும்புக் கட்டில் நின்றது. கால்களில் சுற்றிய பத்திரிகைத் தாளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. முந்தின நாள் இருட்டுகிறவரை பார்த்துவிட்டு டவுனுக்கு ஆள் அனுப்பி வாங்கியிருக்கிறார்கள்.

நடந்ததைச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. சம்சாரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்பன் உசுருதான் பெருசு. நான் என்ன, மனுசன் இல்லையா? ஆனா அந்தக் கட்டில எங்கிட்டக் குடுக்கலாம்னு மட்டும் நெனைக்காத. நாளைக்கு எம் மகளுக்கு ஒண்ணுன்னா ஊரு யாரச் சொல்லும்?” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பந்தல்ல ரொம்ப நேரம் நிக்காத தாயி. தப்பா எடுத்துக்காத.”

அவருடைய பங்காளிகள் யாரும் எங்களிடம் வரவில்லை. நான் பேசி வைத்திருந்த வேறு ஊர்களிலும் செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. ஒரு வீட்டில் தண்ணீர்ச் செம்பை மட்டும் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

பிறகு கடைக்காரர் வந்தார். வீட்டுக்கே திரும்பியிருந்த கட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இழைச்சுச் சாயம் பூசிட்டா எவனுக்குத் தெரியும்? தெக்க எங்கயாச்சும் தள்ளிரலாம்” என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். பானையில் அரிசி இல்லாத நாள். “தெரியாமத் தள்றதுக்கு எங்க வீட்டுல கட்டிலு இல்ல” என்றேன். அவர் எழுந்து போனார். அம்மா அன்று என்னோடு பேசவில்லை. அப்பா அதற்கு முன்பே பேச்சை நிறுத்தியிருந்தார். தரையில் பாய் போட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். காலை மடக்க முடியாததால் எழுந்திருக்க அரை மணி நேரம் ஆகும். கட்டிலில் படுங்கள் என்று எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை. ஒருநாள் கையூன்றிப் பட்டறைக்குப் போய் ஒரு துண்டு மரத்தை இடது காலால் மட்டும் பிடித்துப் பார்த்தார். மரம் உருண்டது. மறுபடி எடுத்து வைத்தார். மறுபடி உருண்டது. அதற்குப் பிறகு அங்கே போகவில்லை.

நல்ல நாள் பார்த்து வாங்குகிறவர்கள் இனி எங்களிடம் வர மாட்டார்கள் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. நாள் பார்க்காமல் மரச்சாமான் வாங்குகிறவர்கள் யார் என்று யோசித்தேன். டீக்கடையில் பெஞ்சு போடுகிறவன் முகூர்த்தம் பார்ப்பதில்லை. அரிசி மில்லில் மூட்டை அடுக்கக் கட்டை போடுகிறவன் யார் அதில் படுத்தது என்று கேட்பதில்லை. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக் கடை கடையாக ஏறி இறங்கினேன். “பொம்பளப்புள்ள பெஞ்சு விக்குது, பாரு” என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர் இரண்டு பெஞ்சுகள் கேட்டார். மில்காரர் ஒருவர் மூட்டை அடுக்க ஆறு கட்டைகள் கேட்டார்.

செய்வதற்கு ஆள் வேண்டும். குன்றாண்டார்கோவில் பக்கத்தில் ஓர் ஆசாரி இருக்கிறார். ஆணி அடிக்கிறவர். அந்தக் காரணத்துக்காகவே அப்பா அவரை எந்தக் காலத்திலும் மதித்ததில்லை. போன திங்கட்கிழமை அவரைக் கூட்டிவந்து எங்கள் பட்டறையில் உட்கார வைத்தேன். அப்பாவின் உளிகளையும் வாச்சியையும் பெட்டியிலிருந்து எடுத்து நானே அவரிடம் கொடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. முதல் ஆணி இறங்கிய சத்தம் வீட்டுக்குள் கேட்டது. அப்பா போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

நாளை காலை மில்லுக்கு வண்டி சொல்லியிருக்கிறேன்.