பன்னிரண்டில் ஒரு ஸ்பூன்

லிஃப்டுக்கு அடியில் ஒரு குழி இருக்கும். ஆட்கள் ஏறி இறங்கும்போது இடுக்கு வழியாக விழுகிற சாவி, சில்லறை, தோடு எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். என் அம்மாவின் தம்பி, என் மாமா, லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான புதிதில் ஒரு பழைய ஹோட்டலின் குழியில் கிரீஸ் அப்பிய ஸ்பூன் ஒன்று அவர் கைக்கு வந்தது. மேனேஜரிடம் நீட்டினால், “இதை யாரும் தேடல, நீயே வெச்சுக்கப்பா” என்றுவிட்டார். வீட்டில் துடைத்துப் பார்த்தால் நல்ல வெள்ளி, கைப்பிடி நுனியில் சிப்பி வேலைப்பாடு. கைப்பிடியின் பின்பக்கம் பொடிப்பொடியாக நான்கு முத்திரை: செய்தவர், வெள்ளியின் தரம், ஊர், வருஷம். நூறு வருஷத்துக்கும் மேல் பழையது.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் விடவில்லை. அதே சிப்பி வேலைப்பாட்டில், அதே நான்கு முத்திரையோடு ஒரு டஜன் சேர்த்தே தீருவது என்று பழைய சாமான் கடை, ஏலக்கடை எல்லாம் அலைந்தார். வருஷ முத்திரை ஒன்று தள்ளி இருந்தாலும் தொட மாட்டார்.

“ஒரு வருஷம் முன்னப்பின்ன இருந்தா வாய்க்குள்ள போகாதா?” என்பார் அத்தை.

“பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படி லென்ஸ் வெச்சுப் பாத்திருந்தா தப்பிச்சிருப்பேன்.”

“உங்களை யாரு தப்பிக்க விட்டா.”

வாங்கியதை வைக்கப் பன்னிரண்டு இடமுள்ள ஒரு பெட்டி வைத்திருந்தார்; குழியில் கிடைத்த முதல் ஸ்பூன் மட்டும் அதற்குள் போகவில்லை. அதை அவர்களின் ஒரே மகள் எடுத்துக்கொண்டாள். நொட்டாங்கைக்காரி. பால் பல் முளைத்ததிலிருந்து அவளுக்கு அதில்தான் சாப்பாடு. புத்தகம் படித்துக்கொண்டே ஸ்பூனைக் கடிப்பாள். வெள்ளி மிருதுவான உலோகம், ஓரமெல்லாம் பல் பதிந்து குட்டிக் குட்டிப் பள்ளம். மற்ற ஸ்பூன்களின் நுனி, யார் யாரோ வலது கையால் சாப்பிட்டதில், இடப்பக்கம் தேய்ந்திருந்தது. அவளுடையது மட்டும் வலப்பக்கம்.

பதினேழு வயதில் ஒரு காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

பெட்டியில் பதினொன்று சேர்ந்திருந்தது, பன்னிரண்டாவது இடம் காலியாகத்தான் இருந்தது. மாமா அவள் ஸ்பூனை அதில் வைத்து மூடினார். பழைய சாமான் கடைப் பக்கம் போவதையும், வெள்ளியைத் துடைப்பதையும் அதோடு விட்டார்.

எனக்கு வேலை கிடைத்து நான் அந்த வீட்டு மாடிக்கு வந்தது அதற்கடுத்த வருஷம். “நம்ம வீட்ல டிகிரி வாங்கின முதல் ஆளு, லாட்ஜ்ல கிடக்கறதா?” என்று என் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான். காலையில் அத்தை குளிக்கப் போனதும் மாமா கண்ணை மூடிக்கொண்டு ஸ்பூன்களைத் தடவுவார். கட்டை விரல் பல் பதிந்த ஓரத்தில் நிற்கும். பிறகு டூல்பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். அத்தைக்கு இது தெரியாது.

போன மாதம் மாமா வேலையிலிருந்து திரும்பியபோது சாப்பாட்டு மேஜையில் பெட்டி திறந்து கிடந்தது. பன்னிரண்டும் பளபளவென்று இருந்தன.

“வெள்ளிக்கடையில மெஷின் பாலிஷ் போட்டுட்டு வந்தேன்” என்றார் அத்தை. “கறுத்துப் போய்க் கிடந்துச்சு. அவ பொருள் அப்படிக் கிடக்கலாமா? கடைக்காரர் நல்ல மனுஷன். தேஞ்சது நசுங்கினதையெல்லாம் தட்டி எடுத்து ஒரே மாதிரி ஆக்கிட்டார்.”

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எனக்குத்தான் எல்லாம் ஒண்ணா தெரியுது. உங்களுக்கு அந்த முத்திரையெல்லாம் அத்துப்படியாச்சே. அவளோடதை எடுத்துக் குடுங்க, தனியா வெச்சுக்கறேன்.”

மாமா லென்ஸை எடுத்தார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் கட்டை விரலை ஓட்டினார். கடைசி ஸ்பூனுக்கு அப்புறம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அத்தை கையை நீட்டியபடி நின்றார்.

“இந்தா. இதுதான்.”

அத்தை அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். “தொட்டதுமே தெரியுதுங்க” என்றார்.

மாமா எழுந்து என் பின்னாலேயே மாடிக்கு வந்தார். “மாமா, அதுதானா?” என்று கேட்டேன்.

“தெரியல மாப்ள.” கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பன்னண்டும் அச்சா ஒண்ணுபோல இருக்கணும்னு நான்தானே தேடித் தேடி வாங்கினேன். இருக்கு.”

“அத்தைகிட்ட சொல்லிடலாமே.”

“சொல்லிட்டா அவ எதை வெச்சு அழுவா? அது இருக்கட்டும் அவளுக்கு.”

அந்த ஒன்று இப்போது அத்தையின் தலையணைக்குக் கீழே இருக்கிறது. மீதிப் பதினொன்றும் சமையலறைக்கு வந்துவிட்டன. மாமா வேளைக்கு ஒன்றாக மாற்றி மாற்றி எடுத்துச் சாப்பிடுகிறார்.

“யாரையும் தொடவிடாம மூடி வெச்ச மனுஷன், இப்ப நேத்து தொட்டதை இன்னைக்குத் தொட மாட்டேங்கறார் பாரு” என்று என்னிடம் சொல்லிச் சிரிக்கிறார் அத்தை.

மாமாவும் சிரிக்கிறார். ஒவ்வொரு தடவையும் முதல் வாய் எடுத்து வைப்பதற்கு முன்னால், வெறும் ஸ்பூனின் ஓரத்தை மெதுவாகப் பல்லால் தொட்டுப் பார்க்கிறார்.