மருந்தா, மாவா?

ஆசைத்தம்பி வாந்தி எடுத்த சட்டியை யாரும் சொல்லாமலே கொண்டுபோய்க் கழுவி, தன் கைக்குட்டையால் ஈரம் துடைத்து, கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு நகர்ந்தார் முஜிபுர் ரகுமான். காரைக்குடி ஆஸ்பத்திரியில் அதைப் பார்த்தவள் ஆசைத்தம்பியின் மனைவி நாகவல்லி ஒருத்திதான். அவளுக்குச் சந்தேகம் வந்தது. கூடப் பிறந்த தம்பியே மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான். முன்பின் தெரியாத மனுஷன் எதற்காக இதைச் செய்ய வேண்டும்?

மறுநாளே காரணம் பிடிபட்டதாக நினைத்தாள். தச்சு வேலை பார்க்கும் ஆசைத்தம்பிக்கு டெங்கு. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்ற டாக்டர், ஒரு புது ஆராய்ச்சியில் சேர்கிறீர்களா என்றும் கேட்டார்; ஆசைத்தம்பி சரியென்றார். அந்த ஆராய்ச்சியின் ஆள்தான் முஜிபுர். தினமும் காலையில் பள்ளத்தூரில் அவர்கள் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பதும் மாத்திரை கொடுப்பதும் அவர் வேலை.

வண்டியைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருவார். காய்ச்சல்காரர் தூங்குவாராம். திருடன்தான் இப்படி வருவான் என்று நாகவல்லிக்குத் தோன்றும். ஊசி குத்தும்போது நோயாளியின் முகத்துக்கு முந்தி அவர் முகம் சுளிக்கும். தண்ணீர் கொடுத்தால் சில நாள் மடமடவென்று குடிப்பார். திங்களும் வியாழனும் தொடமாட்டார். நோன்பாம். அதையும் அவள் நம்பவில்லை.

முதல் நாள் அவர் நீட்டிய மாத்திரைப் புட்டியில் பெயரே இல்லை, வெறும் நம்பர்தான்.

"இது எதுக்குள்ள மாத்திரை பாய்?"

"கொழுப்பக் குறைக்கிற மாத்திரைக்கா."

"கொழுப்பா? நல்லாப் பாருங்க. அவுகளுக்கு ஒடம்புலயும் கொழுப்பில்ல, வாயிலயும் கொழுப்பில்ல!"

கட்டிலில் கிடந்த ஆசைத்தம்பி முனகினார்: "அவளுக்குத்தான் பாய் ரெண்டாவது நெறைய இருக்கு. மாத்திரைய அவளுக்குக் குடுங்க."

முஜிபுர் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் கிருமிக்குச் சொந்தமா அடுப்பும் கிடையாது, எண்ணெயும் கிடையாதுக்கா. நம்ம ஒடம்புக்குள்ள பூந்து, நம்ம கொழுப்ப எடுத்துத்தான் அது பெருகுது. கிருமிய அடிக்காம எண்ணெய்ச் சட்டிய ஒளிச்சு வச்சா என்னாகும்னு பாக்குறாக."

"ஒளிச்சு வச்சா எங்க ஆளுக்கும்ல எண்ணெய் இல்லாமப் போகும்?"

"அதுக்குத்தானே தெனமும் ரத்தம் பாக்குறோம். இன்னொண்ணும் சொல்லிர்றேன். பாதிப் பேருக்குத்தான் மருந்து. மீதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் மாவு. அப்பத்தான் மருந்து கேக்குதான்னு தெரியும். இவுகளுக்கு எது வந்திருக்குன்னு எனக்கே தெரியாது."

நாகவல்லிக்குச் சுரீரென்றது. கொடுக்கிறவனுக்கே தெரியாத மாத்திரையா! "எடுத்துட்டுப் போங்க" என்றாள். அவர் மறுபேச்சில்லாமல் புட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இனி இங்குட்டு எட்டிப் பார்க்கமாட்டார் என்று அவள் அடித்துச் சொன்னாள்.

மறுநாள் காலை தெருமுனையில் வண்டி அணைந்தது. முஜிபுர் மாத்திரைப் பேச்சே எடுக்கவில்லை. ஆசைத்தம்பியின் கையைத் தொட்டுப் பார்த்தார், எத்தனை தடவை சிறுநீர் போனார் என்று கேட்டார், ரத்தம் எடுத்தார்.

"வேண்டாம்னுட்டோமே, பெறகு எதுக்கு வாரீக?"

"மாத்திரை வேண்டாம்னீக. என்னைய வேண்டாம்னு சொல்லலையே?"

அதற்கும் அவள் சந்தேகப்பட்டுத்தான் பார்த்தாள். ஆனால் ஆசைத்தம்பி, "காச்ச எனக்கு. நான் முழுங்கிப் பாக்குறேன் நாகு. நீ சொன்னாத்தான்" என்றார். அவள் முஜிபுரிடம் மாத்திரையை வாங்கி, கொப்புடையம்மன் படத்துக்கு முன்னால் வைத்துக் கண்ணை மூடினாள். திறந்தபோது, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற முஜிபுரின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன.

காய்ச்சல் இறங்கியது. மாத்திரை இல்லாமலும் பலருக்கு அப்படி இறங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கடைசியாக ரத்தம் எடுத்துவிட்டுக் கிளம்பியவரை நாகவல்லி வாசலில் மறித்தாள். "இப்பவாச்சும் உண்மையச் சொல்லுங்க பாய். அவுக முழுங்குனது மருந்தா, மாவா?"

படிக்கட்டு ஓரம் கிடந்த கொட்டாங்கச்சியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. முஜிபுர் அதைக் காலால் கவிழ்த்துவிட்டார்.

"சத்தியமாத் தெரியாதுக்கா. ஆராய்ச்சி எல்லாருக்கும் முடிஞ்ச பெறகுதான் யாருக்கு எதுன்னு பிரிச்சுப் பாப்பாக. அன்னைக்கு வாரேன். மாவா இருந்தாலும் வந்து சொல்றேன்."