அரைமணிக்காரரின் எட்டு மாதங்கள்

என் வீட்டுக்காரருக்குப் புற்றுநோய் போய்விட்டது. இதைச் சொன்னதும் எல்லோரும் நெஞ்சில் கைவைத்து "அப்பாடா" என்கிறார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். சொல்லி எட்டு மாதமாகிறது. இந்த எட்டு மாதமும் அவர் முன்னறை சோபாவில் படுக்கிறார், நான் உள்ளறையில் இரண்டு பேர் படுக்கிற கட்டிலில் ஒற்றை ஆளாகக் கிடக்கிறேன். ஏன் என்று கேட்டால் முதுகு வலியாம். முதுகு வலிக்கிறவன் எவனாவது போயும் போயும் சோபாவில் படுப்பானா? மேலே கேட்டால் எரிந்து விழுவார். போகட்டும், எப்படியோ தொலையட்டும் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. எனக்கு என் மனுஷன் பக்கத்தில் வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஐம்பத்தாறு வயதில் உட்கார்ந்து வெட்கப்பட நேரமும் இல்லை.

அவர் ஏசி மெக்கானிக். தொழிலில் அவரை 'அரைமணி' என்றுதான் கூப்பிடுவார்கள். புது ஏசி மாட்டும்போது கேஸ் விடுவதற்கு முன்னால் குழாய்க்குள் இருக்கிற காற்றையெல்லாம் பம்பு வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். வேக்கம் போடுவது என்பார்கள். மற்ற மெக்கானிக்குகள் ஐந்து நிமிடம் உறிஞ்சிவிட்டு, கேஸைத் திறந்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு ஓடுவார்கள். இவர் அப்படி இல்லை. உறிஞ்சி முடித்து, வால்வை மூடி, அழுத்தம் காட்டுகிற கேஜுக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். முள் நகர்ந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். நகரவில்லை என்று அரை மணி நேரம் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு வேலை. வீட்டுக்காரர்கள் வியர்த்து வழிந்துகொண்டு "இன்னுமாங்க?" என்று கேட்டால் "அரை மணி" என்பார். வேறு பேச்சே கிடையாது. முப்பத்தோரு வருடமாக இதே கதைதான். அவர் மாட்டிய மெஷினுக்குத் திரும்பக் கூப்பிட்டவர்களும் குறைவு, அதையும் சொல்ல வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின வாரம் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் படம் வரைந்து காட்டினார். புராஸ்டேட் சுரப்பியை முழுசாக எடுத்துவிடுவோம், நோய் வெளியே பரவவில்லை, அதிர்ஷ்டக்காரர் என்றார். கடைசியில், "வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

இவருக்குக் காது சிவந்துவிட்டது. "அப்புறம் டாக்டர்... பழையபடி வேலை... நடக்குமா?"

"என்ன வேலை பாக்குறீங்க?"

"ஏசி மெக்கானிக்."

"தாராளமா நடக்கும். ஆறு வாரத்துல போகலாம். கொஞ்ச நாளைக்கு ஏணி மட்டும் ஏறாதீங்க."

இவரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு எழுந்துவிட்டார். அவர் எந்த வேலையைக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். டாக்டருக்குத்தான் தெரியவில்லை. நானாவது வாயைத் திறந்திருக்கலாம். கைப்பை ஜிப்பை இழுத்து மூடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னையே இரண்டு அறை அறையலாம் போலிருக்கிறது.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மூத்திரக் குழாயும் பையும், பிறகு உள்ளாடைக்குள் வைக்கிற பஞ்சுப் பட்டை, தும்மினால் ஒழுக்கு, சிரித்தால் ஒழுக்கு. அதுகூடப் பரவாயில்லை, மாதம் ஏற ஏறக் குறைந்தது. குறையாதது அவர் தாழ்ப்பாள். குளியலறைத் தாழ்ப்பாள், துணி மாற்றும்போது அறைத் தாழ்ப்பாள், வாய்க்கும் ஒரு தாழ்ப்பாள். தோளில் கை வைத்தால், "கை கனமா இருக்கு, எடு" என்பார். முப்பது வருடமாக இல்லாத கனம் திடீரென்று எங்கிருந்து வந்தது? வெளியூரில் இருக்கிற மகள் போன் போட்டு, "அப்பா எப்படிம்மா இருக்காரு?" என்றால், "அவருக்கென்ன, கல்லு மாதிரி இருக்காரு" என்று வாய் தவறி வரும். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வேன்.

ஐந்தாவது மாதத்திலிருந்து வாரம் ஒருமுறை "ரத்தம் பாக்கப் போறேன்" என்று தனியாகக் கிளம்பினார். வாராவாரம் எடுக்க அவர் உடம்பில் எவ்வளவு ரத்தம்தான் இருக்கும்? கேட்டேன். "உன் வேலையைப் பாரு" என்றார். பார்த்தேன்.

என் வேலை மூக்குக் கண்ணாடிக் கடையில். சென்ற வெள்ளிக்கிழமை மதியம் லென்ஸ் தேய்க்கிற மெஷின் மக்கர் பண்ணியதால் கடையை மூடிவிட்டு மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். செருப்பைக் கழற்றுவதற்குள் குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"நீயா? வந்துட்டியா? இங்க கொஞ்சம் வாயேன்."

தாழ்ப்பாள் போடவில்லை. அதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. உள்ளே போனால், மனுஷன் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் துண்டோடு நிற்கிறார். முகம் வெளிறிக் கிடக்கிறது. பக்கத்து ஸ்டூலில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழல், கையால் அடிக்கிற சின்ன பம்பு, இரண்டுக்கும் நடுவே அவருடைய ஏசி கேஜ். டேப் சுற்றி, கிளாம்ப் போட்டு, நேர்த்தியாக இணைத்திருந்தார். போனில் அலாரம் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க இது?"

"ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. ரத்த ஓட்டத்துக்கு." எச்சிலை விழுங்கினார். "வீங்கிடுச்சு. கலரே மாறிடுச்சு."

"எவ்வளவு நேரம் வச்சிருந்தீங்க?"

அவர் கண் கேஜ் பக்கம் போனது. எனக்கு அதற்குள் புரிந்துவிட்டது.

"அடப்பாவி மனுஷா! அரை மணியா?"

"முள் ஒரு புள்ளி கூட நகரல" என்றார். அந்த வலியிலும் அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தலையில் அடித்துக்கொண்டேன்.

துண்டை விலக்கிப் பார்க்க விடவில்லை. "நர்ஸ் பாக்கட்டும்" என்றார். நர்ஸ் பார்க்கலாம், நான் பார்க்கக் கூடாது! ஏணி கட்டிய அவர் வேனிலேயே கிளம்பினோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, ரத்தம் கட்டியிருக்கிறது, தானே வற்றிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு இந்தப் பயிற்சியைக் கவனிக்கிற நர்ஸ் எங்களை அறையில் உட்கார வைத்தாள். இவர் வாராவாரம் 'ரத்தம் பாக்க' வந்தது இவளிடம்தானாம். நாற்பது வயதிருக்கும். பூசி மெழுகுகிற ஜாதி இல்லை.

"சார், நான் என்ன சொன்னேன்? இழுக்கணும், ஒண்ணு ரெண்டு நிமிஷம் நிறுத்தணும், விடணும். மறுபடி இழுக்கணும். மொத்தமே பத்து நிமிஷம். யாரு சார் அரை மணி நேரம் சொன்னது?"

"லீக் இருக்கான்னு..." என்று ஆரம்பித்தார்.

"இது உடம்பு சார்! செம்புக் குழாய் இல்ல!"

அவர் சுவரைப் பார்த்தார். இந்தத் தடவை நான் ஜிப்பைத் தேடவில்லை. "எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. எல்லாத்தையும் எனக்குச் சொல்லுங்க" என்றேன்.

சொன்னாள். சுரப்பியை எடுக்கும்போது நரம்புகளைக் காப்பாற்றினாலும் அவை அதிர்ந்துபோய்விடுமாம். மறுபடி உயிர் வர ஒன்றரை வருடம், இரண்டு வருடம் ஆகலாம். சிலருக்கு வராமலும் போகலாம். அதுவரை விறைப்பு இல்லாததால் ரத்த ஓட்டம் குறைந்து, தசை சுருங்கி, நீளம் குறையும். அதனால்தான் மாத்திரையும் பம்பும். அதிலும் சரியாகாவிட்டால் ஊசி இருக்கிறது. விறைப்பு வராவிட்டாலும் உச்ச சுகம் வரலாம், ஆனால் விந்து எதுவும் வெளியே வராது. எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

"சின்னதாயிடும்னு முன்னாடியே ஏன் யாருமே சொல்லல?" அவர் குரல் அந்த அறைக்கு ரொம்பப் பெரிதாக இருந்தது. "எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு!"

"நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்ல இருக்கு சார். வாயால சொல்லியிருக்கணும். சொல்லல. தப்புதான்" என்றாள் நர்ஸ்.

அவள் கோப்பைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். கடைக்கு வருகிறவர்கள் கண் சீட்டை அவர்கள் பக்கம் பார்க்கிற மாதிரி வைப்பார்கள், நான் எதிரே நின்று படித்துப் படித்து எனக்குத் தலைகீழ் எழுத்து சரளம். அவர் முதல் நாள் தன் கையால் நிரப்பிய தாள் மேலேயே இருந்தது. கேள்வி: துணைவர் சிகிச்சையில் கலந்துகொள்வாரா? பதில்: மாட்டார். கேள்வி: காரணம்? பதில்: மனைவிக்கு இதில் விருப்பமில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நர்ஸ், "வீக்கம் முழுசா வத்துற வரைக்கும் பம்பைத் தொடக் கூடாது, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. வேன் கதவைச் சாத்தியதும் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு விருப்பமில்லைன்னு நான் எப்பங்க சொன்னேன்?"

அவர் சாவியைப் போட்டார், திருப்பவில்லை. "ஃபார்ம்ல கேட்டிருந்தான். எழுதினேன்."

"என்னைக் கேட்டு எழுதினீங்களா? எட்டு மாசமா உங்க கை என் மேல படல. எனக்கு வயசாயிடுச்சு, என்னைப் பிடிக்காமப் போயிடுச்சு, அதான் விலகிட்டாருன்னு நான் கண்ணாடி முன்னாடி நின்னு அழுதிருக்கேன் தெரியுமா? நீங்க என்னடான்னா எனக்கு விருப்பமில்லைன்னு ஊருக்கே எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க!"

"கத்தாத."

"கத்துவேன்!"

அவர் சாவியிலிருந்து கையை எடுத்தார். "உனக்கு விருப்பமில்லைன்னு வச்சுக்கிட்டா, எனக்கு எதுவும் போகலன்னு ஆயிடும்ல" என்றார்.

எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. கோபம் நிற்கவில்லை. அவர் வண்டியை எடுத்தார்.

வீட்டுக்குள் வந்ததும் அவர் கால் பழக்கதோஷத்தில் சோபா பக்கம் திரும்பியது. ஐந்தரை மணி, வெளியே நல்ல வெயில்.

"அங்க இல்ல. உள்ள வாங்க" என்றேன்.

"இப்ப என்னால எதுவும்..."

"எதுவும் வேண்டாம். படுங்க, அவ்வளவுதான்."

"நனைஞ்சுடும்."

"நனையட்டும். துவைக்கிற மெஷின் எதுக்கு இருக்கு, அழகு பாக்கவா?"

வந்தார். கட்டிலின் ஓரத்தில், விருந்தாளி மாதிரி மல்லாந்து படுத்தார். நான் இந்தப் பக்கம் படுத்தேன். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஏசி மெக்கானிக் வீட்டில் ஏசி கிடையாது, அது தனிக் கதை. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. எட்டு மாதத்தை யார் திருப்பித் தருவார்கள்? அந்த டாக்டரா, அந்தத் தாளா, இந்த மனுஷனா?

"தோள்ல கை போட்டா, நீ திரும்பிப் பாப்ப" என்றார் கூரையைப் பார்த்தபடி. "திரும்பினா அப்புறம் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. அதான் கையே போடல."

நான் அவர் பக்கம் திரும்பிப் படுத்தேன். அவர் என் கையை எடுத்தார். எடுத்து, வேட்டியை விலக்கி, அவரே கொண்டுபோய் வைத்தார். வீங்கிச் சூடாக இருந்தது. வீக்கத்தையும் மீறி, குறைந்திருப்பது கைக்குத் தெரிந்தது.

"இவ்வளவுதான்" என்றார்.

குரல் உடைந்துவிட்டது. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையை அசைக்கவே பயமாக இருந்தது.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"அப்ப எடுத்துடவா?"

"வேண்டாம்" என்றார். "இருக்கட்டும்."