அன்றைக்குப் பிடுங்காத பிளக்

போன வாரம் கழக்கூட்டம் என்ற ஊரில் இருக்கிற எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வந்தது. நல்ல கனம். பெட்டியைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாசனை அறை முழுக்கப் பரவியது. பக்கத்து மேஜை ஷீஜா அதை மெஷினில் பொருத்திக்கொண்டிருந்தாள். பழைய குணம் லேசில் போகுமா? "இதோட ஃபெர்ம்வேரைத் திறந்து வோல்டேஜைக் கொஞ்சம் ஏத்திப் பார்ப்போமா?" என்று கேட்டுவைத்தேன்.

அவள் சிரித்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள். "ஐயோ சேட்டா, அதெல்லாம் இப்போ பூட்டியாச்சு. கம்பெனி முத்திரை இல்லாம ஒரு எழுத்து மாத்தினாலும் கார்டு ஏத்துக்காது கேட்டோ."

உங்களுக்கு இந்தச் சமாசாரம் தெரியாதென்றால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கார்டுக்குள்ளும் ஒரு சின்ன சில்லு உண்டு. எவ்வளவு வேகமாக ஓடலாம், அதிகபட்சம் எத்தனை வோல்ட் எடுக்கலாம் என்று அதில் எழுதிவைத்திருப்பார்கள்; அதுதான் ஃபெர்ம்வேர். அந்தக் காலத்தில் அதை ஒரு ஃபைலாக வெளியே எடுத்து, எண்களை மாற்றி, திரும்ப உள்ளே எழுதிவிடலாம். வேகம் கூடும், சூடும் கூடும். கம்பெனிக்காரன் போட்ட வரம்பு பயந்தாங்கொள்ளிகளுக்கானது என்பது என் அன்றைய கொள்கை.

புது கார்டின் வாசனை எனக்கு ஒரு நிமிஷம்தான் நிற்கும். அதன் பின்னாலேயே கருகிய வாசனை ஒன்று வரும், கூடவே அரைத்துவிட்ட சாம்பாரின் வாசனையும். இரண்டும் கோமதி மாமி வீட்டில் ஒரே மத்தியானத்தில் வந்தவை.

கோமதி மாமி என் நண்பன் ஹரியின் அம்மா. கிழக்கேகோட்டையில், கோயிலை ஒட்டிய அக்ரஹாரத் தெருவில் வீடு. ஹரியின் அப்பா சீக்கிரமே போய்விட்டார். நான் சாலைக் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த நாகர்கோவில்காரரின் மகன். ஹரியும் நானும் ஒரே கம்பெனியில், போனில் வெளிநாட்டுக்காரர்களிடம் திட்டு வாங்கும் வேலையில் இருந்தோம். எனக்கு அது வேலை, அவனுக்குச் சிறை. அவன் கைக்குப் படம் வரைய வரும். அனிமேஷன் ஸ்டுடியோ ஒன்றில் சேர வேண்டும் என்பது மட்டும்தான் அவன் ஆசை. அதற்காக ஒரு வருஷம் மிச்சம் பிடித்து ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினான்.

ஒரு ஸ்டுடியோவிலிருந்து கூப்பிட்டார்கள். இரண்டு நிமிஷப் படம் ஒன்று செய்து திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அனுப்ப வேண்டும். ஹரி செய்த படம் எனக்கு இன்றும் மனப்பாடம். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் மழை. நனைந்து நிற்கிற ஒரு காளை மெதுவாக நிழற்குடைக்குள் வருகிறது. ஜனங்கள் முறைக்கிறார்கள், பிறகு ஒவ்வொருவராக நகர்ந்து அதற்கு இடம் விடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் ஒவ்வொரு மழைத்துளியையும் கார்டு கணக்குப் போட்டு வரைய வேண்டும். அந்த வேகத்தில் போனால் செவ்வாய்க்கிழமைதான் முடியும் என்று தெரிந்தபோது ஹரியின் முகம் செத்துப்போனது.

அங்கேதான் நிபுணர் நுழைந்தார். சனிக்கிழமை அவன் கார்டின் ஃபெர்ம்வேரை எடுத்து 1.2 வோல்டுக்கு ஏற்றினேன். நான் ஒழுங்கானவன் பாருங்கள், ஒவ்வொரு ஃபைலின் பெயரிலும் வோல்டேஜைக் குறித்துவைப்பேன். கார்டு சமர்த்தாக ஓடியது. திங்கள் விடிவதற்குள் முடிந்துவிடும். ஹரி என்னைக் கட்டிக்கொண்டான். மாமி எனக்கு இரண்டு தோசை அதிகம் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வித்துராவில் அவன் சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம். தவிர்க்க முடியாது. மாமிக்கு பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாது என்பதால் வீட்டிலேயே இருந்தாள். "நீ பார்த்துக்கோடா" என்று கம்ப்யூட்டரை என்னிடம் ஒப்படைத்துவிட்டு ஹரி போனான்.

1.2-லேயே சும்மா இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் இணையத்தில் எவனோ ஒருவன் அதே கார்டை 1.25-ல் ஓட்டிவிட்டு, அதைப் படமெடுத்துப் போட்டு, எல்லோரிடமும் சபாஷ் வாங்கியிருந்தான். எனக்கு அந்த நம்பர் வேண்டும். ஹரியின் படத்துக்கு அது தேவையே இல்லை. இதை மழுப்பாமல் சொல்ல எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று. ஒரு காட்சி முடிந்த இடத்தில் நிறுத்தி, 1.25-ஐ உள்ளே எழுதி, திரும்ப ஓடவிட்டேன். பறந்தது. திரையைப் போனில் படமெடுத்தேன்.

அப்போது தூரத்தில் இடித்தது. துலாம் மாதத்து, அதாவது ஐப்பசி மாதத்து, மத்தியான இடி எங்கள் ஊரில் டிவியையும் மோடத்தையும் சாப்பிட்டுவிடும். முதல் முழக்கத்திலேயே வீட்டுக்கு வீடு பிளக்கைப் பிடுங்கிப்போடுவார்கள். மாமி சமையலறையிலிருந்து வந்தாள்.

"இடி இடிக்கறதே, பிளக்கைப் பிடுங்கிடட்டுமா?"

"வேண்டாம் மாமி. இப்பம் பிடுங்கினா எல்லாம் பாதியில நின்னுபோவும். தூரத்துலதானே இடிக்கி."

"நேக்கு என்ன தெரியும், நீ சொன்னா சரி" என்று சாம்பாரைக் கவனிக்கப் போனாள்.

கால் மணி நேரம் இருக்கும். பெட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். திரை கறுத்தது. கருகிய நாற்றம் வந்தது. மாமி கரண்டியோடு ஓடிவந்தாள்.

"இடியா விழுந்துடுத்து?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன். வாயைத் திறந்து பொய் சொல்லவில்லையே என்று பின்னால் எனக்கு நானே வக்கீலாக எவ்வளவோ வாதாடியிருக்கிறேன். அந்த வழக்கில் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

சாயங்காலம் ஹரி நனைந்துகொண்டு வந்தான். நான் வாயெடுப்பதற்குள் மாமி முந்திக்கொண்டாள். "என்னாலதான்டா. இடிச்சப்பவே பிளக்கைப் பிடுங்கணும்னு தோணித்து. பிடுங்காம விட்டுட்டேன்." நான் தடுத்ததைக்கூட அவள் சொல்லவில்லை. ஹரி கார்டைக் கழற்றிப் பார்த்தான். அது இல்லாமலே கம்ப்யூட்டரைப் போட்டு, கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு, "சாரமில்லம்மா" என்றான். பரவாயில்லை என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

கையில் இருந்தது பாதிப் படம். காளை மழையில் நிற்கிறது. உள்ளே வருகிற பகுதி இல்லை. அதையே அனுப்பினான். முழுமையில்லாததை ஏற்பதற்கில்லை என்று ஒரு வரி பதில் வந்தது. ஆறு மாதம் கழித்து ஹரி மஸ்கட்டுக்கு ஸ்டோர் கீப்பராகப் போனான். பிறகு அவன் படம் வரைந்ததாக நான் கேள்விப்படவில்லை.

மாமி அதற்குப் பிறகு மேகம் கறுத்தாலே பிளக்குகளைப் பிடுங்க ஆரம்பித்தாள். ஃபிரிட்ஜில் பால் திரிந்தது. மோடத்தையும் பிடுங்கிவிடுவதால் மழைக்காலத்தில் ஹரியின் வீடியோ கால் பாதியில் அறுந்துபோகும். நான் ஞாயிறுதோறும் போவேன். கேஸ் சிலிண்டர், மருந்து, கரண்ட் ஆபீஸ் எல்லாம் நான்தான். சொந்தப் பிள்ளைகூட இப்படிச் செய்யாது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும்.

ஒருநாள் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். "மாமி, அன்னைக்கு இடியே விழல்ல. நாந்தான் வோல்டேஜைக் கூட்டிவச்சுக் கார்டைக் கருக்கினேன்."

மாமி என்னையே பார்த்தாள். பிறகு சிரித்து, என் கன்னத்தைத் தொட்டாள். "என் மனசு ஆறட்டும்னு சொல்றயாக்கும். நீ நல்ல பிள்ளைடா. பழியை நீ எடுத்துக்க வேண்டாம்." சொல்லிவிட்டு மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கப் போனாள். வெளியே லேசாக மூட்டம் போட்டிருந்தது.

போன துலாத்தில் மாமி போய்விட்டாள். ஹரி வந்து காரியங்களைச் செய்தான். பதிமூன்றாம் நாள் முடிந்து, காலி வீட்டில் சாமான்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தோம். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்" என்றான்.

"எப்பம்?"

"அன்னிக்கே. ஃபைல் பேர்லயே 1.25-ன்னு போட்டு வச்சிருந்தயே. டைமும் இருந்தது. நான் வித்துராவில சாப்பிட்டுண்டிருந்த நேரம்."

"பின்ன ஏண்டே அம்மாகிட்ட சொல்லல்ல?"

அவன் கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தான். "சொன்னா நீ இந்தாத்துப் படி ஏறியிருப்பயா? நான் போனா அம்மாவுக்கு யாரு இருக்கா? நீ வந்துண்டிருந்தே. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஹரி மறுநாள் மஸ்கட்டுக்குப் போனான். அதன் பிறகு நாங்கள் பேசவில்லை.

வீட்டை விற்றாயிற்று. இடித்துவிட்டு, கோயிலுக்கு வருகிறவர்கள் கார் நிறுத்த இடம் போட்டிருக்கிறார்கள். கரண்ட் மீட்டரையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கார்டுகளைக் கம்பெனிக்காரன் பூட்டிவிட்டான் என்று ஷீஜா சொன்னபோது நான் சிரித்தேன். அவள் அதைக் கேலி என்று நினைத்திருப்பாள். அந்தப் பூட்டைப் பத்து வருஷம் முன்னால் போட்டிருந்தால் ஒரு காளை மழைக்கு ஒதுங்கியிருக்கும்.

நான் சொன்னபோது மாமி நம்பவில்லை. ஹரி சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இனி நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னாலும் கேட்பதற்கு அவள் இல்லை.